மலிவுக் கணனிகளின் கவர்ச்சியும் ஆயுளும் – ஒரு வரலாற்று நோக்கு

கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவற்றின் தோற்றத்திலேயே கருத்தூன்றுவர். யார் முதலிற் கண்டார், எப்போது கண்டார், என்ன விலைக்கு விற்றார் என்பன விரிவாக ஆராயப்படும். ஒரு கருவி எப்போது, யாருடைய தீர்மானத்தினால் பயனற்றுப்போயிற்று என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. உரல், தறி, மாட்டு வண்டி ஆகியவற்றைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கு விடை எளிது. தேய்ந்தது, உடைந்தது, திருத்த முடியாதாயிற்று என்பதே அவ்விடை. தையற் பொறிக்கும் மிதிவண்டிக்கும் ஏறத்தாழ இதுவே பொருந்தும். ஆனால் குறைந்த வருவாயுடையோரை நாடி மலிவு விலையில் வந்த கையடக்கக் கணனிகளும் திறன்பேசிகளும் இவ்வொழுங்கில் அமையவில்லை. அவற்றுட் பல உடையாமலே முடிந்துபோயின. திரை ஒளிர்கின்றது, விசைகள் இயங்குகின்றன, பொறியோ ஒதுக்கப்படுகின்றது. பொறியின் உடலுக்கு ஓர் ஆயுளும் அதனுள் இயங்கும் மென்பொருளுக்கு வேறோர் ஆயுளும் இருப்பதும், இரண்டாவது ஆயுளை வரையறுக்கும் அதிகாரம் வாங்கியவரிடத்து இல்லாதிருப்பதுமே இதற்குக் காரணமாகும். இந்நிலை படிப்படியாக உருவான வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கையிற் கொண்டு செல்லத்தக்க கணனி என்னும் எண்ணம் தோன்றிய காலந்தொட்டே மலிவு என்பது அதனோடு பிரிக்கமுடியாதவாறு இணைந்திருந்தமை மனங்கொள்ளத்தக்கது. கலிபோர்னியாவில் செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ற்றோ ஆய்வு நிலையத்திற் பணியாற்றிய அலன் கே, 1972ஆம் ஆண்டில் 'டைனபுக்' என்னும் ஒரு கற்பனைப் பொறியினை விவரித்துக் கட்டுரையொன்றை எழுதினார். குறிப்பேட்டின் அளவும், சிறுவர் கையாளத்தக்க எளிமையும், ஏறத்தாழ 500 டொலர் விலையும் அதன் இலக்குகளாக இருந்தன. கணனிகள் அலுமாரிகளைப்போல நிறுவனங்களின் அறைகளை அடைத்துக்கொண்டிருந்த காலம் அது. அவ்வாறான பொறியொன்றைச் செய்வதற்கு வேண்டிய சில்லுகளோ தட்டைத் திரையோ அப்போது இருக்கவில்லை. எனினும், பிற்காலத்தில் இத்துறையில் முயன்றோர் யாவரும் அவ்விலையினையும் அச்சிறுவனையும் நோக்கியே சென்றனர் எனலாம்.

1981ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ஒஸ்போர்ன் 1 என்னும் பொறி, கொண்டு செல்லத்தக்கது என விளம்பரப்படுத்தப்பட்ட போதிலும், 11 கிலோகிராம் நிறையுடையது, 5 அங்குலத் திரை கொண்டது, மின்னிணைப்பின்றி இயங்காதது. 1,795 டொலர் என்னும் விலை அக்காலத்தில் மலிவாகக் கருதப்பட்டது. அந்நிறுவனம் 1983ஆம் ஆண்டில் வங்குரோத்தடைந்தது. அதனை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

இதற்கு மாறாக, 1983ஆம் ஆண்டில் டான்டி நிறுவனம் விற்பனைக்கு விட்ட டீ.ஆர்.எஸ். 80 மொடல் 100 என்னும் பொறி சற்று ஊன்றி நோக்கத்தக்கது. யப்பானின் கியோசெரா நிறுவனம் இதனை உற்பத்தி செய்தது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் நிறை, வரிக்கு 40 எழுத்தாக 8 வரிகள் காட்டும் திரை, தட்டச்சுப் பொறியின் விசைகளுக்கு இணையான விசைப்பலகை, தொலைபேசி வழியாக எழுத்தை அனுப்பும் வசதி என்பன அதன் சிறப்புகள். கடைகளில் எங்கும் கிடைக்கும் சாதாரண விரல் அளவு மின்கலங்கள் நான்கினைக் கொண்டு 20 மணித்தியாலம் வரை இயங்கியது. எட்டுக் கிலோபைற்று நினைவகம் கொண்டதன் விலை 1,099 டொலர். பத்திரிகை நிருபர்கள் இதனைப் பெரிதும் விரும்பினர். நிகழ்ச்சி நடந்த இடத்திலிருந்தே செய்தியை எழுதி, தொலைபேசிக் கைப்பிடியினை ஒலியிணைப்பி ஒன்றினுட் பொருத்தி அனுப்பிவிடலாம் என்பது அக்காலத்திற் பெருவியப்பாக இருந்தது.

இப்பொறியின் மென்பொருள் முழுவதும் வாசிப்பு நினைவகத்திற் பதிக்கப்பட்டிருந்தது என்பதே நமது ஆய்வுக்கு முக்கியமானது. மைக்ரோசொப்ட் நிறுவனம் எழுதிய அம்மென்பொருளின் கணிசமான பகுதியை பில் கேற்ஸ் தாமே எழுதினார். பொறி தொழிற்சாலையை விட்டு வெளியேறிய பின்னர் அதனுட் புதிதாக எதனையும் சேர்க்க உற்பத்தியாளருக்கு வழியில்லை. எதனையும் பறிக்கவும் வழியில்லை. 1983ஆம் ஆண்டில் செய்த வேலையினை 2003ஆம் ஆண்டிலும் அது குறைவின்றிச் செய்தது. அதனைக் கெடுத்தவை உடலைச் சார்ந்த காரணங்களே. நினைவகத்தைப் பேணுவதற்காக உள்ளே பொருத்தப்பட்ட சிறிய நிக்கல் கட்மியம் மின்கலம் காலப்போக்கிற் கசிந்து சுற்றுப்பலகையை அரித்தது. பற்றாசு பிடிக்கத் தெரிந்த ஒருவர் அதனை மாற்றிவிடலாம். ஆகவே, இப்பொறியின் ஆயுள் உரலின் ஆயுளைப் போன்றது. வாங்கியவரின் பராமரிப்பிலேயே அது தங்கியிருந்தது.

அடுத்து வந்த ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் மடிக்கணனிகள் வலுவிற் பெருகின, விலையிற் குறையவில்லை. வணிகப் பயணிகளும் உயரதிகாரிகளுமே அவற்றின் நுகர்வோராக இருந்தனர். ஒவ்வொரு புதிய நுண்முறைவழியாக்கியும் கூடுதல் வேகத்துடன் வந்தபோது, அவ்வேகத்தை உண்டுவிடும் பணிசெயல் முறைமையும் உடன் வந்தது. பழைய விலைக்குப் புதிய வலு என்பதே நியதியாயிற்று. பழைய வலுவைப் புதிய, குறைந்த விலைக்குத் தருவதில் எந்நிறுவனத்துக்கும் ஆர்வம் இருக்கவில்லை. அதில் இலாபம் இல்லை என்பதே காரணம்.

இந்நியதியை முதலில் அசைத்தது வணிகமன்று; கல்வியின் பெயரால் எழுந்த ஓர் இயக்கமே. மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் ஊடக ஆய்வுகூடத்தைத் தோற்றுவித்தவருள் ஒருவரான நிக்கலஸ் நெக்ரொபொன்ரே, 2005ஆம் ஆண்டு சனவரியில் டாவோஸ் மாநாட்டில், வறிய நாடுகளின் பிள்ளைகளுக்காக 100 டொலர் விலையில் மடிக்கணனி செய்யப்படும் என அறிவித்தார். அதே ஆண்டு நவம்பரில் டூனிஸ் நகரில் நடைபெற்ற தகவற் சமுதாய உச்சி மாநாட்டில் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் கோபி அனான் முன்னிலையில் மாதிரிப் பொறி காட்டப்பட்டது. 'ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணனி' என்னும் இத்திட்டத்தின் எக்ஸ்ஓ பொறி 2007ஆம் ஆண்டின் இறுதியிற் பேரளவு உற்பத்திக்கு வந்தது. விலை 100 டொலராக இருக்கவில்லை. ஏறத்தாழ 190 டொலராயிற்று.

அப்பொறியினை வடிவமைத்தோர் அதன் ஆயுளைப் பற்றிச் சிந்தித்தே வடிவமைத்தனர் என்பதைப் பாராட்டாமலிருக்க முடியாது. மேரி லூ ஜெப்சன் வகுத்த திரை, வெயிலிலும் வாசிக்கத்தக்கதாய் இருந்தது. தூசியும் நீரும் புகாத இறப்பர் விசைப்பலகை, சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக அசையும் உறுப்பில்லாத 1 கிகாபைற்று நினைவகம், இலகுவிற் கழற்றத்தக்க உறுப்புகள் என்பன அமைந்தன. உள்ளே மேலதிகத் திருகாணிகள் சிலவும் வைக்கப்பட்டிருந்தன. கடையில்லாத ஊரில் திருகாணி தொலைந்தால் பிள்ளை எங்கே போகும் என எண்ணிய ஒருவர் அவ்வடிவமைப்புக் குழுவில் இருந்திருக்கின்றார்! இத்துணை கவனத்துடன் செய்யப்பட்ட மலிவுப் பொறி அதற்கு முன்னரும் பின்னரும் அரிது.

இத்திட்டத்தின் கல்விப் பயன் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. உருகுவே நாடு 2007ஆம் ஆண்டில் 'சேய்பல் திட்டம்' என்ற பெயரில் இதனைத் தேசிய அளவில் மேற்கொண்டு, இணைய இணைப்பினையும் திருத்த நிலையங்களையும் உடன் அமைத்தது. பெரு நாடு இலட்சக்கணக்கான பொறிகளை வாங்கி மலைக்கிராமங்களுக்கு அனுப்பியது. அங்கு கணிதத்திலும் மொழியிலும் பெறுபேறுகள் உயர்ந்தமைக்குச் சான்றில்லை என அமெரிக்க நாடுகளிடை அபிவிருத்தி வங்கியின் ஆய்வு 2012ஆம் ஆண்டிற் காட்டியது. ஆசிரியரும் இணைப்பும் இல்லாத இடத்திற் பொறி மாத்திரம் என் செய்யும்? எனினும், திட்டத்தின் எதிர்பாராத விளைவு வேறிடத்தில் நிகழ்ந்தது. 200 டொலருக்குள் மடிக்கணனி செய்ய இயலும் என்பதை எக்ஸ்ஓ நிரூபித்துவிட்டது. உற்பத்தியாளர்கள் அதனைக் கவனித்தனர்.

2007ஆம் ஆண்டு யூன் மாதம் தைப்பே நகரில் நடைபெற்ற கணனிக் கண்காட்சியில் தாய்வானின் அசுஸ் நிறுவனம் 'ஈ பீசீ' என்னும் சிறு கணனியை அறிவித்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் 701 என்னும் இலக்கத்துடன் அது விற்பனைக்கு வந்தது. 7 அங்குலத் திரை, 512 மெகாபைற்று நினைவகம், 4 கிகாபைற்றுத் திண்மநிலைச் சேமிப்பகம், ஒரு கிலோகிராமிற் குறைந்த நிறை என்பனவற்றுடன் லினக்ஸ் பணிசெயல் முறைமையில் அது இயங்கியது. தொடக்கத்தில் 199 டொலர் எனப் பேசப்பட்ட விலை, அமெரிக்கக் கடைகளில் 399 டொலராக இருந்தது. அக்காலத்தில் ஒரு கிலோகிராம் நிறையுள்ள மடிக்கணனி வாங்க விரும்பியோர் அதனைப்போல நான்கைந்து மடங்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. சிறுமை என்பது அதுவரை செல்வத்தின் அடையாளம்; ஈ பீசீ அதனை மாணவருக்கும் இல்லத்தரசிகளுக்கும் எளிய எழுத்தாளருக்கும் உரியதாக்கிற்று.

இதன் கவர்ச்சியைத் தனியே விலையைக் கொண்டு விளக்கிவிட முடியாது. இழந்தாற் பெருநட்டமில்லை என்ற எண்ணம், எங்கும் அஞ்சாமற் கொண்டு செல்லும் துணிவினைத் தந்தது. பேருந்திலும் வயல்வரம்பிலும் மருத்துவமனை வாங்கிலும் அதனைத் திறந்து வைக்கலாம். உரிமையாளர் பலர் நினைவகத்தைத் தாமே மாற்றினர். வேறு பணிசெயல் முறைமைகளை நிறுவிப் பார்த்தனர். விலையுயர்ந்த பொறியில் இவ்வாறு கைவைக்க மனம் துணியாது. மலிவுப் பொருள் தன் உரிமையாளரைத் தொழினுட்பம் அறிந்தவராக்கும் என்னும் உண்மை, இத்துறை வரலாற்றில் போதிய அழுத்தம் பெறவில்லை.

2008ஆம் ஆண்டில் ஏசர், டெல், எச்.பீ., லெனோவோ, சாம்சுங், எம்.எஸ்.ஐ. ஆகிய நிறுவனங்கள் யாவும் இக்களத்தில் இறங்கின. 'நெற்புக்' என்னும் பெயரும் நிலைத்தது. அப்பெயர் பிரித்தானியாவின் சயன் நிறுவனம் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு சிறு கணனிக்கு உரியதாகும். அது தொடர்பான வழக்கு 2009ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனத்துடன் இணக்கமாக முடிந்தது. அதே இன்டெல் 2008ஆம் ஆண்டில் 'அற்றம்' என்னும் மலிவு நுண்முறைவழியாக்கி வரிசையை வெளியிட்டது. அவ்வரிசையில் என் 270 என்பதே பெரும்பாலான நெற்புக்குகளின் இதயமாக அமைந்தது. இரண்டரை வாற்று அளவான வெப்பமே வெளிவிடும் அச்சில்லு மின்கலத்தை நீண்ட நேரம் தாங்கச் செய்தது. ஆனால் அது 32 துணுக்கு வகையைச் சேர்ந்தது. இவ்வொரு குறிப்பு பின்னர் எத்துணைப் பாரதூரமானதாயிற்று என்பது கீழே தெரியவரும்.

நெற்புக்கின் விதி எழுதப்பட்டது தொழிற்சாலையில் அன்று, உரிம ஒப்பந்தத்திலே ஆகும். மைக்ரோசொப்ட் நிறுவனம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட வின்டோஸ் விஸ்ரா இச்சிறு பொறிகளில் இயங்க இயலாத பாரமுடையது. முந்திய எக்ஸ்பீ முறைமையின் விற்பனை 2008ஆம் ஆண்டு யூன் 30உடன் நிறுத்தப்பட இருந்தது. லினக்ஸ் கோடிக்கணக்கான புதிய பயனர்களின் கையில் நிலைத்துவிடும் அபாயத்தைக் கண்ட அந்நிறுவனம், அவ்வாண்டு ஏப்பிரலில், மிகக் குறைந்த விலைக் கணனிகளுக்கு மாத்திரம் எக்ஸ்பீ 2010ஆம் ஆண்டு வரை வழங்கப்படும் என அறிவித்தது. சலுகை நிபந்தனையுடன் வந்தது. நினைவகம் 1 கிகாபைற்றை விஞ்சலாகாது, திரை 10.2 அங்குலத்தை விஞ்சலாகாது. பிற்பாடு சில நிபந்தனைகள் தளர்த்தப்பட்ட போதிலும் நினைவகத்தின் எல்லை நிலைத்து நின்றது. 2009ஆம் ஆண்டில் வின்டோஸ் 7 வந்தபோது நெற்புக்குகளுக்கெனத் தரப்பட்ட 'ஸ்ராட்டர்' பதிப்பில், திரையின் பின்னணிப் படத்தை மாற்றும் வசதிகூட நீக்கப்பட்டிருந்தது. ஏழைக்குத் தரும் ஆடையில் வேண்டுமென்றே ஒரு பொத்தானைக் கழற்றிவிட்டுத் தருவதற்கு இஃது ஒப்பாகும்.

ஏன் இவ்வாறு செய்யப்பட்டது? 300 டொலர் நெற்புக் ஓரளவு நன்றாக இயங்கினால் 900 டொலர் மடிக்கணனியை யார் வாங்குவர் என்னும் அச்சம் இன்டெலுக்கும் மைக்ரோசொப்டுக்கும் பொதுவாக இருந்தது. எனவே, நெற்புக் விற்கவேண்டும், ஆனால் வளரக்கூடாது. 2008ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் விற்கப்பட்ட நெற்புக்குகளை அருகருகே வைத்து நோக்கினால், அதே 10 அங்குலத் திரையும் அதே 1 கிகாபைற்று நினைவகமும் ஏறத்தாழ அதே வேகமும் காணப்படும். கணனித் துறையில் மூன்றாண்டுகள் அசையாது நிற்றல் இயல்பாக நிகழ்வதன்று. அதே காலத்தில் இணையத்தளங்களோ காணொளியாலும் நிரலாலும் பெருத்துக்கொண்டே சென்றன. பொறி நின்ற இடத்தில் நிற்க, உலகம் அதன் மீது பாரத்தை ஏற்றிற்று. பயனர் அதனை 'மெதுவான கணனி' என்றனர். அவர்கள் கூறியது உண்மையே. ஆயினும் மெதுமை மலிவின் இயற்கையான விளைவு என அவர்கள் கருதியது முழு உண்மையன்று.

அப்பிள் நிறுவனத்தின் ஸ்ரீவ் ஜொப்ஸ், 500 டொலருக்குக் குப்பையல்லாத கணனியொன்றைச் செய்யத் தமக்குத் தெரியாது என்னும் பொருள்பட 2008ஆம் ஆண்டு ஒக்டோபரிற் கூறினார். பதினைந்து மாதங்களின் பின், 2010ஆம் ஆண்டு சனவரி 27ஆம் நாள், நெற்புக்குகள் எதிலும் சிறந்தவையல்ல என இகழ்ந்துரைத்து, 499 டொலர் விலையில் ஐபாட் என்னும் பொறியை அறிமுகஞ் செய்தார். இருவகைப் பொறிகளுக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு வேகத்தில் மாத்திரம் இருக்கவில்லை. நெற்புக்கில் எந்தப் பணிசெயல் முறைமையையும் உரிமையாளர் நிறுவலாம். மின்கலத்தை ஒரு விரலால் நெம்பி மாற்றலாம். ஐபாட்டில் இரண்டும் இயலாது. நுகர்வோர் அவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை. 2012ஆம் ஆண்டின் முடிவில் அசுஸ், ஏசர் ஆகிய நிறுவனங்கள் நெற்புக் உற்பத்தியைக் கைவிட்டன. ஐந்தாண்டுகளில் ஓர் இனம் தோன்றி மறைந்தது.

விற்பனை முடிந்ததே அன்றிப் பொறிகள் முடிந்துவிடவில்லை. கோடிக்கணக்கானவை வீடுகளிலும் பள்ளிகளிலும் இயங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கான அடுத்த நாள் 2014ஆம் ஆண்டு ஏப்பிரல் 8 ஆகும். அன்றுடன் எக்ஸ்பீக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நிறுத்தப்பட்டன. எஞ்சியோர் லினக்சை நாடினர். உபுண்டு தனது 32 துணுக்குப் பதிப்பினை 2018ஆம் ஆண்டின் பின் தொடரவில்லை. டெபியன் மேலும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. இலாப நோக்கற்ற தன்னார்வலர்களும் கைவிட நேர்ந்தமையை நோக்கும்போது, பிரச்சினை பேராசையினால் மட்டும் எழுந்ததன்று என்பது புலனாகும். பழைய பொறிக்கு மென்பொருளைத் தொடர்ந்து பேணுவது உண்மையான உழைப்பு; அவ்வுழைப்புக்கு யார் கூலி கொடுப்பது என்பதே வினா.

கூலி கொடுப்பாரின்மையின் விளைவினை மற்றொரு மலிவு இனம் இன்னுந் தெளிவாகக் காட்டிற்று. 2012, 2013ஆம் ஆண்டுகளில் இன்டெலின் குளோவர் ட்றெயில் என்னும் அற்றம் சில்லுடன் வின்டோஸ் 8 சிறு கணனிகள் விற்கப்பட்டன. அச்சில்லின் வரைவியற் பகுதி பிரித்தானியாவின் இமாஜினேசன் நிறுவனத்தின் ஆக்கம். 2017ஆம் ஆண்டில் வின்டோஸ் 10இன் புதிய பதிப்பு இப்பொறிகளை ஏற்க மறுத்தது. வரைவியற் பகுதிக்கான செலுத்தி மென்பொருளைப் புதுக்குவார் இல்லை என்பதே காரணம். மூன்று நிறுவனங்கள் சேர்ந்து விற்ற பொருளில், அவற்றுள் ஒன்று விலகியதும் பொருள் முழுவதும் நின்றுபோயிற்று. கண்டனம் எழுந்த பின்னர், புதிய பதிப்பு இல்லாவிடினும் பாதுகாப்புத் திருத்தங்கள் 2023ஆம் ஆண்டு வரை வழங்கப்படும் என மைக்ரோசொப்ட் இணங்கிற்று.

2014ஆம் ஆண்டில் 199 டொலருக்கு வந்த எச்.பீ. ஸ்ரீம் 11 போன்றவற்றின் குறை வேறுவகையினது. 32 கிகாபைற்றுச் சேமிப்பகம் சுற்றுப்பலகையிற் பற்றாசு பிடிக்கப்பட்டிருந்தமையால் அதனை மாற்ற இயலாது. வின்டோஸ் தன்னைப் புதுப்பிக்க வேண்டிய வெற்றிடம் அதில் விரைவில் இல்லாதொழிந்தது. பொறி தன் பணிசெயல் முறைமையினாலேயே மூச்சுத் திணறிற்று.

2011ஆம் ஆண்டில் கூகிள் அறிமுகஞ் செய்த குரோம்புக் இவ்வரலாற்றில் ஒரு திருப்பமாகும். அதுவரை மறைவாக இருந்த முடிவு நாள், இங்கு வெளிப்படையான ஏற்பாடாயிற்று. ஒவ்வொரு மாதிரிக்கும் 'தன்னியக்க இற்றைப்படுத்தல் முடிவுத் திகதி' ஒன்று குறிக்கப்பட்டது. தொடக்கத்தில் ஏறத்தாழ ஐந்தாண்டு; பின்னர் ஆறரை; அதன் பின் எட்டு. இவ்வாண்டுகள் பொறியை வாங்கிய நாளிலிருந்து கணக்கிடப்படவில்லை; அம்மாதிரிப் பொறி முதன்முதலில் வெளியான நாளிலிருந்தே கணக்கிடப்பட்டன. 2020ஆம் ஆண்டின் கொள்ளை நோய்க் காலத்தில் அமெரிக்கப் பள்ளிகள் மலிவெனக் கருதி வாங்கிக் குவித்த பொறிகளிற் சிலவற்றுக்கு வாங்கும்போதே ஆயுளின் ஒரு பகுதி கழிந்திருந்தது. இதனைக் கண்டித்து நுகர்வோர் நலனைப் பேணும் அமைப்பொன்று 2023ஆம் ஆண்டு ஏப்பிரலில் அறிக்கை வெளியிட்டது. அவ்வாண்டு செத்தெம்பரில் கூகிள் கால எல்லையைப் பத்தாண்டாக நீட்டியது. ஆயுள் என்பது பொறியின் இயல்பாக இருந்திருப்பின், ஓர் அறிவித்தலால் அது நீண்டிருக்க முடியாது.

திறன்பேசியின் வரலாற்றிலும் இதே போக்கே, ஆனால் இன்னும் விரைவாக, நிகழ்ந்தது. 2003ஆம் ஆண்டில் வந்த நொக்கியா 1100 வறிய நாடுகளை எண்ணி வடிவமைக்கப்பட்ட பேசி. தூசி புகாத விசைகள், கையில் வழுக்காத உறை, சிறு மின்சூள் என்பன அதன் அணிகள். ஏறத்தாழ 25 கோடி விற்பனையாயிற்று. அதன் மின்கலத்தைப் பெட்டிக்கடையில் வாங்கி நகத்தால் மூடியைத் திறந்து மாற்றிக்கொள்ளலாம். மென்பொருள் புதுப்பித்தல் என்னும் கவலை அதன் உரிமையாளருக்கு இருக்கவில்லை. அது கணனியன்று, பேசியே என்பது உண்மை. ஆயினும் அதன் இடத்தைப் பிடித்த மலிவுத் திறன்பேசி, கூடுதல் வேலைகளுடன் குறுகிய ஆயுளையும் கொண்டுவந்தது.

கூகிள் நிறுவனம் 2014ஆம் ஆண்டு செத்தெம்பரில் இந்தியாவில் 'அன்ட்ரொயிட் வண்' திட்டத்தை 6,399 ரூபா விலையிற் தொடங்கியது. அடுத்து நாடிச்செல்லும் நாடுகளுள் ஒன்றாக இலங்கையும் அப்போது அறிவிக்கப்பட்டது. மலிவுப் பேசிகள் புதுப்பிக்கப்படாமற் கைவிடப்படுவதைத் தீர்ப்பதே அதன் நோக்கங்களுள் ஒன்று. அவ்வாறு வந்த திட்டமும் இரண்டாண்டுப் புதுப்பித்தலையே உறுதியளித்தது. ஏனையவற்றின் நிலையை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். அன்ட்ரொயிட்டின் புதிய பதிப்பைக் கூகிள் வெளியிட்டதும் அது நேரே பேசியை வந்தடைவதில்லை. சில்லுச் செய்பவர் அதற்கேற்பத் தமது செலுத்தி மென்பொருளை மாற்றவேண்டும். பின்னர் பேசி செய்பவர் தம் பங்கிற்கு மாற்றிச் சோதிக்கவேண்டும். சில டொலர் இலாபத்துடன் பேசியை விற்றுவிட்டவருக்கு, விற்ற பின் உழைப்பதற்கு ஊக்கம் ஏது? சில்லு விற்பவருக்கோ அடுத்த சில்லை விற்பதே வேண்டும்.

மின்கலம் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். இலிதியம் அயன் மின்கலம் ஏறத்தாழ 500 முழு மின்னேற்றங்களின் பின் தன் கொள்ளளவில் ஐந்திலொரு பங்கை இழப்பது வழமை. நாள்தோறும் ஏற்றினால் இஃது ஒன்றரை ஆண்டுக்குச் சிறிது குறைந்த காலமே. 2007ஆம் ஆண்டின் ஐபோன் தொடங்கி மின்கலத்தை உள்ளே அடைத்து மூடும் முறை பரவிற்று. சாம்சுங்கின் முதன்மைப் பேசிகள் 2015ஆம் ஆண்டில் அம்முறைக்கு மாறின. விலையுயர்ந்த பேசியின் உரிமையாளர் கட்டணம் கொடுத்து மாற்றிக்கொள்வார். மலிவுப் பேசியிலோ, மாற்றுங்கூலி பேசியின் எஞ்சிய மதிப்பை விஞ்சிவிடும். ஆகவே அது வீசப்படும்.

இதன் பொருளாதார விளைவு வெளிப்படை. 100 டொலர்ப் பேசி இரண்டாண்டு நீடித்தால் ஆண்டுக்கு 50 டொலர் செலவு. 300 டொலர்ப் பேசி ஏழாண்டு நீடித்தால் ஆண்டுக்கு 43 டொலர். 300 டொலரை ஒரே தடவையிற் கொடுக்க இயலாதவரே கூடுதலாகக் கொடுக்கின்றார்.

முடிவு நாட்களை முற்றாக ஒழித்துவிடலாம் என்று வாதிடுவதும் பொருந்தாது. இணையத்தோடு இணைந்த பொறி திருத்தப்படாமல் இருப்பின் அதன் உரிமையாளருக்கு மாத்திரமன்றி ஏனையோருக்கும் கேடு விளையும். 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் 'வொனாகிரை' என்னும் தீநிரல் பல நாடுகளிற் பரவி, பிரித்தானியாவின் மருத்துவமனைகளையும் முடக்கிற்று. அப்போது மைக்ரோசொப்ட், மூன்றாண்டுகளுக்கு முன் கைவிட்ட எக்ஸ்பீக்கும் திருத்தமொன்றை வெளியிட்டது. ஆபத்து மெய்யானது என்பதற்கும், நாட்காட்டி எழுதியவரால் மாற்றத்தக்கது என்பதற்கும் இந்நிகழ்ச்சி ஒருங்கே சான்றாகின்றது.

அண்மைக் காலத்தில் இவ்வதிகாரத்திற் சட்டம் தலையிட்டுள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டில் இயற்றிய விதிகளின்படி, 2025ஆம் ஆண்டு யூன் 20 முதல் அங்கு சந்தைக்கு வரும் திறன்பேசிகளுக்கு, அம்மாதிரியின் விற்பனை முடிந்த நாளிலிருந்து குறைந்தது ஐந்தாண்டுகள் மென்பொருள் புதுப்பித்தல் வழங்கப்பட வேண்டும். உதிரிப்பாகங்கள் ஏழாண்டுகள் கிடைக்க வேண்டும். மின்கலம் 800 மின்னேற்றங்களின் பின்னும் ஐந்தில் நான்கு பங்கு கொள்ளளவைக் கொண்டிருக்க வேண்டும். 2027ஆம் ஆண்டு பெப்ரவரி தொடக்கம் மின்கலத்தைப் பயனரே மாற்றத்தக்கதாக இருத்தல் வேண்டும் என வேறொரு விதி, சில விலக்குகளுடன், கூறுகின்றது. சட்டம் நெருங்கியபோது உற்பத்தியாளரின் இயலாமையும் குறைந்தது. 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெளிவந்த சாம்சுங் ஏ 16 என்னும் மலிவுப் பேசிக்கு ஆறாண்டுப் புதுப்பித்தல் உறுதியளிக்கப்பட்டது.

2025ஆம் ஆண்டின் பிற்பாதியில் மேலும் இரு நாட்கள் வந்தன. ஓகஸ்ற் மாதம் வெளியான டெபியன் 13இல் 32 துணுக்குப் பொறிகளில் நிறுவுவதற்கான பதிப்பு இடம்பெறவில்லை. என் 270 சில்லுடைய நெற்புக்குகளுக்குத் திறந்திருந்த பெரிய கதவுகளுள் ஒன்று அத்துடன் மூடிற்று. ஒக்டோபர் 14ஆம் நாள் வின்டோஸ் 10இன் ஆதரவு முடிவடைந்தது. 2017ஆம் ஆண்டுக்கு முந்திய நுண்முறைவழியாக்கிகள் பெரும்பாலானவற்றை வின்டோஸ் 11 ஏற்பதில்லை என்பதால், நன்கு இயங்கும் பெருந்தொகையான பொறிகள் அன்று நெற்புக்கின் நிலையை அடைந்தன. தனிப்பட்ட பயனருக்கு மேலும் ஓராண்டுக்குத் திருத்தங்களை வழங்க மைக்ரோசொப்ட் முன்வந்தது. அதற்குப் பொதுவாக 30 டொலர் கட்டணம் அல்லது தன் முகிற் சேவையிற் பயனர் தம் அமைப்புகளைச் சேமித்தல் போன்ற நிபந்தனைகளை விதித்தது. ஐரோப்பிய பொருளாதார வலயத்தில் வாழ்வோருக்கு, நுகர்வோர் அமைப்புகளின் கண்டனத்தின் பின்னர், அக்கட்டணமும் அச்சேமிப்பு நிபந்தனையும் நீக்கப்பட்டன.